பல்கலைக்கழகம் போயிருக்கும் மலையகத் தம்பி தங்கைமாருக்கு ஒரு திறந்த மடல்

அன்பான தம்பிமாரே, தங்கைமாரே,

பேராதனையிலோ கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ புவியியல், பொறியியல், கணினி என்று எதைப் படித்தாலும், தோட்டத்திலிருந்து போன பிள்ளைகள் எல்லோருக்கும், நம் மலைச் சரிவுகளைச் செய்மதியால் கண்காணிப்பது பற்றி இதை எழுதுகிறேன்.

2023 செப்டெம்பர் 16 தொடங்கி ஒன்பது நாள், உலகம் முழுக்க உள்ள நிலநடுக்கமானிகளில் ஒரே சீரான அதிர்வு ஒன்று பதிவாகிக்கொண்டே இருந்தது. சுமார் 90 செக்கனுக்கு ஒரு தடவை. நிலநடுக்கம் இப்படி இருக்காது. 15 நாடுகளைச் சேர்ந்த 68 ஆய்வாளர்கள் சேர்ந்து தேடி, அடுத்த வருடம் விடையைச் சொன்னார்கள். கிழக்கு கிறீன்லாந்தில் ஒரு மலை சரிந்திருக்கிறது. இரண்டரைக் கோடி கன மீற்றர் பாறையும் பனியும் ஒடுங்கிய கடற்கழிக்குள் விழுந்து, 200 மீற்றர் உயரத்துக்கு அலை எழும்பி, அப்புறம் அந்தத் தண்ணீர் தூக்கிப்போகும் வாளிக்குள் ஆடுவதுபோல் கரைக்குக் கரை ஆடிக்கொண்டே இருந்திருக்கிறது. உயிர்ச்சேதம் இல்லை.

ஆள் குடியில்லாத ஒரு மலைக்காக இத்தனை பேர் இவ்வளவு பாடுபட்டார்கள் என்று வாசித்தபோது எனக்குப் பெரிய மரியாதை வந்தது. கூடவே பதுளை மாவட்டத்து மீரியபெத்தைத் தோட்டமும் நினைவுக்கு வந்தது. 2014 ஒக்டோபர் 29 காலையில் அங்கே மண்சரிவில் தொழிலாளர் லயன்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது என்று பல வருடங்களுக்கு முன்பே எச்சரித்திருந்தார்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது நுவரெலியா, பதுளை, கண்டி, மாத்தளை என்று எங்கும் என்ன நடந்தது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது விசயத்துக்கு வருகிறேன். 2025 ஜூலை 30ஆம் திகதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நிசார் என்ற செய்மதி ஏவப்பட்டது. நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து செய்தது. 12 மீற்றர் அகலமான அன்டெனாவை விரித்துக்கொண்டு, பூமியின் நிலப்பரப்பில் ஏறக்குறைய முழுவதையும் 12 நாளைக்கு ஒரு சுற்றாக ராடாரால் அளக்கிறது. இரவும் முகிலும் அதற்குத் தடையில்லை. நம் பக்கத்தில் மழை மாதங்களில் மலையே கண்ணுக்குத் தெரியாது, அதனால் இதுவே பெரிய காரியம்.

ஆனால் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அதன் அலைநீளம். நிசாரில் இரண்டு ராடார்கள் உண்டு. அதில் ஒன்றின் அலை 24 சென்ரிமீற்றர் நீளம். குறுகிய அலைகள் இலையில் பட்டே சிதறிவிடும். இந்த நீண்ட அலை இலை தழையைத் தாண்டி நிலத்தைத் தொட்டுத் திரும்பும். கொழுந்து மூடிய மலைகளுக்கு இது எவ்வளவு பொருத்தம் என்று யோசித்துப் பாருங்கள். ஒரே சரிவை இரண்டு தடவை அளந்து, திரும்பி வந்த அலைகளை ஒப்பிட்டால், இடையில் நிலம் எவ்வளவு நகர்ந்தது என்று சென்ரிமீற்றர் கணக்கில் தெரியும். அந்த ஒப்பீட்டை வண்ணப் படமாகப் போடுவார்கள். அதில் நிறங்கள் ஒரு முழுச் சுற்று மாறினால், செய்மதி பார்க்கும் திசையில் சுமார் 12 சென்ரிமீற்றர் நகர்வு. தரவு இலவசம். யாரும் இணையத்தில் இறக்கிக்கொள்ளலாம்.

தரவு இருந்தால் மட்டும் போதாது. 2017 ஜூன் 24ஆம் திகதி சீனாவின் சிச்சுவான் மாகாணத்தில் சின்மோ என்ற ஊர் மண்சரிவில் புதைந்து, எண்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தோ காணாமலோ போனார்கள். பிறகு ஐரோப்பாவின் சென்ரினல் 1 என்ற ராடார் செய்மதியின் பழைய பதிவுகளை எடுத்துப் பார்த்தபோது, அந்தச் சரிவின் உச்சி பல வாரங்களுக்கு முன்பே வேகமாக நகரத் தொடங்கியது தெரிந்தது. செய்மதி பதிந்து வைத்திருந்ததை நேரத்துக்குப் பார்க்க ஆள் இல்லை.

இந்தச் செய்மதி முறையின் குறைகளையும் சொல்லிவிட வேண்டும். திடீர் மழையில் ஒரே இரவில் பெயர்ந்து ஓடும் மண்ணை இது முன்கூட்டிக் காட்டாது. செங்குத்தான சரிவுகளில் அலை படாத இடங்கள், அதாவது ராடார் நிழல், இருக்கும். காற்றின் ஈரமும் அளவைக் குழப்பும். ஆகவே மழை அளவை வைத்து வரும் எச்சரிக்கை இருக்கத்தான் வேண்டும். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் கவனம், 100 தாண்டினால் தயார்நிலை, 150 தாண்டினால் வெளியேற்றம் என்ற கணக்கு உயிர் காக்கும் கணக்கு. ஆனால் மாதக்கணக்காக மெல்ல நகரும் மலையை மழைமானி காட்டாது. அதற்குத்தான் இந்தக் கண்.

சரி, இதை ஏன் உங்களிடம் சொல்கிறேன்? படத்தில் ஒரு சரிவு நகர்வதாகத் தெரிந்தால், அது உண்மையா என்று நிலத்தில் பார்க்க வேண்டும். இஸ்தோப்பில் விழுந்த வெடிப்பை யார் எப்போது மண் பூசி மறைத்தார்கள், எந்தப் பீலியில் திடீரென்று கலங்கல் தண்ணீர் வந்தது, எந்தக் காம்பராவின் கதவு போன மழைக்குப் பிறகு சாத்த முடியாமல் போனது, எந்தக் கான் வருடக்கணக்காக வெட்டப்படாமல் கிடக்கிறது என்பதெல்லாம் செய்மதிக்குத் தெரியாது. உங்கள் அம்மாவுக்குத் தெரியும். இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கக்கூடியவர்கள் நீங்கள்தான்.

நான்கைந்து பேராகச் சேருங்கள். கடைசி வருட ஆய்வுக்கு உங்கள் தோட்டத்து மலையையே எடுங்கள். விரிவுரையாளர்களிடம் கேளுங்கள். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தில் மண்சரிவைப் படிக்கும் விஞ்ஞானிகளிடமும் போங்கள், அவர்கள் சரிபார்க்காமல் எந்தப் படத்தையும் வெளியில் விட வேண்டாம். அரைகுறையாகப் பார்த்து ஊரைப் பயமுறுத்துவது பெரிய தீங்கு. சரிபார்த்த பிறகு, டிவிஷன் வாரியாக, மலை நம்பர் போட்டு, தமிழில் எழுதி, தோட்ட நிர்வாகத்துக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் பிரதேச செயலகத்துக்கும் ஒவ்வொரு பிரதி கொடுங்கள். லயத்து ஆட்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

அடுத்த விடுமுறைக்கு வரும்போது முதல் படத்தோடு வாருங்கள். மலை ஏறிப் பார்க்க ஒருநாள் குறியுங்கள். கங்காணிமாரையும் கொழுந்தெடுக்கும் அக்காமாரையும் கூட்டிவருவது என் பொறுப்பு.

அன்புடன்,
உங்கள் தோட்டத்துப் பக்கத்து அண்ணன் ஒருவன்