இரட்டைப் பின்னல் பின்ன முடியாத பிள்ளைகள்: வன்னி அதிபர்மாருக்கு ஒரு திறந்த மடல்

வன்னிப் பள்ளிக்கூடங்களின் அதிபர்மாருக்கும், காலையில் வாசலில் நின்று முடியும் நகமும் பார்க்கிற டீச்சர்மாருக்கும் வணக்கம்.

போன தவணையில் என் அக்காவின் மகளை, தரம் 7 படிக்கிறவள், வாசலில் மறித்துத் தலையில் கட்டியிருந்த கறுப்புத் துணியை அவிழ்க்கச் சொல்லியிருக்கிறார்கள். எந்தப் பள்ளிக்கூடம் என்று எழுதமாட்டேன், எழுதினால் அவளுக்குத்தான் வில்லங்கம். அவிழ்த்தாள். முடி கொட்டிய வட்டங்கள், காதுக்கு மேலே ஒன்று, பிடரியில் இரண்டு, இரண்டு ரூபாய்க் குத்தி அளவில் வழுவழுவென்று. பின்னால் நின்ற பிள்ளைகள் விலகியதும், 'தொற்றாது என்று டொக்டரிடம் துண்டு வாங்கிக்கொண்டு வா' என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கிளினிக் நாள் வரும்வரை 9 நாள் வீட்டில் இருந்தாள்.

எனக்கும் அதே வருத்தம்தான், 2007 இல் 12 வயதில் தொடங்கியது. புழுவெட்டு என்று பெயர், ஆனால் அதில் புழுவும் இல்லை, பூச்சியும் இல்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் முடி வேரையே பகையென்று அடிக்கிறது, அவ்வளவுதான். ஒரே சீப்பைப் பாவித்தாலும் ஒரே தலையணையில் படுத்தாலும் மற்றவருக்கு வராது. தொற்றுவது தலையில் வரும் படர்தாமரை, அது பூஞ்சணத்தால் வருவது, பெரும்பாலும் செதிலாக உரிந்து கடிக்கும். 100 பேரில் ஏறத்தாழ 2 பேருக்கு வாழ்நாளில் ஒருதடவையாவது புழுவெட்டு வருகிறது என்பதால் உங்கள் பள்ளிக்கூடத்திலும் யாராவது இருப்பார்கள், முடியை இழுத்து மறைத்துக்கொண்டு.

'வைத்தியம் பார்க்கவில்லையா?' என்று கேட்பீர்கள். பெரியம்மா சின்ன வெங்காயத்தைப் பாதியாக வெட்டித் தோல் சிவக்கச் சிவக்கத் தேய்த்தார். ஒரு பரியாரியார் தந்த எண்ணெய்க்குக் கொப்புளம் போட்டது. அம்மா வற்றாப்பளை அம்மனுக்கு நேர்ந்தார், முடி இறக்குகிறேன் என்று நேர என் தலையில் முடி வேண்டுமே. பிறகு 2009, போரில் இடம்பெயர்ந்த எங்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாம். வரிசையில் நின்று எடுக்கிற தண்ணீர் குடிக்கவே காணாது, தலை முழுகுவது எங்கே, பேன் வேறு, அம்மா ஒருநாள் என் தலையை மொட்டையாக வழித்துவிட்டார், பக்கத்துக் கூடாரத்துப் பெட்டைகளுக்கும் அப்படித்தான். 'ஏன் பிள்ளை முடியில்லை?' என்று ஒருவரும் கேட்காத வருடம் என் வாழ்க்கையில் அது ஒன்றுதான்.

ஊர் திரும்பியபின் விடிய முதல் பஸ் எடுத்து, பரந்தன், ஆனையிறவு தாண்டி யாழ்ப்பாணத்துக் கிளினிக். நாலு ஆறு கிழமைக்கு ஒருதடவை ஸ்டீரொயிட் ஊசி, ஒரு வட்டத்துக்குள்ளேயே பத்துப் பன்னிரண்டு குத்து. முதலில் வெள்ளையாக முளைத்தது, பிறகு கறுத்தது, நான் கண்ணாடி பார்க்கத் தொடங்கிய நேரம் பார்த்து வேறு இடத்தில் கொட்டியது. முடி வளர என்று மினொக்சிடில் மருந்து பூசியதில் நெற்றியில் பூனைமுடி வந்ததுதான் மிச்சம். இப்போது பாரிசிட்டினிப் என்று ஒரு குளிசை இருக்கிறது, கடுமையான புழுவெட்டுக்கென்று 2022 இல் அமெரிக்காவில் அனுமதித்தார்கள். பெரியவர்களிடம் நடந்த ஆய்வுகளில் 4 மில்லிகிராம் எடுத்தவர்களில் மூன்றிலொரு பங்குக்குச் சற்று அதிகமானோருக்கு 36 கிழமையில் தலை ஏறக்குறைய மூடியது. நல்ல விஷயம்தான், ஆனால் விட்டால் பலருக்குத் திரும்பக் கொட்டுகிறது. நான் விலையைக் கேட்டுவிட்டு எழும்பி வந்துவிட்டேன்.

சிலருக்குத் தானாகவே வளர்ந்துவிடும், சிலருக்கு வருடக்கணக்காகும், எனக்கு இன்னும் இல்லை. எதுவானாலும் மாதக்கணக்கு, அந்த மாதங்களில் பிள்ளை தினமும் உங்கள் வாசலைத் தாண்டித்தான் வரவேண்டும்.

ஆகவே துணியோ தொப்பியோ கட்ட விடுங்கள், பரீட்சை மண்டபத்திலும் விளையாட்டுப் போட்டியிலும் கூட. சோதிக்கத்தான் வேண்டுமென்றால் ஓர் அறைக்குள் கூப்பிட்டு ஒரு டீச்சர் பாருங்கள், மாணவத் தலைவிகளிடம் விடாதீர்கள். இரட்டைப் பின்னல் சட்டம் இவர்களுக்கு வேண்டாம், இழுத்துப் பின்னினால் இருக்கிற முடிக்கும் கேடு.

அக்காவின் மகளுக்கு டொக்டரின் துண்டு கிடைத்துவிட்டது. சட்டைப் பையில் வைத்திருக்கிறாள், வாசலில் ஆள் மாறுகிற நாளெல்லாம் எடுத்துக் காட்டுகிறாள், மடிப்பில் கிழியத் தொடங்கிவிட்டது. தயவுசெய்து அதில் ஒரு போட்டோக்கொப்பி எடுத்துக் கந்தோரில் வைத்துக்கொள்ளுங்கள்.