அண்ணாச்சி, நீங்கள் கேட்ட 28 யூரோ கணக்கு

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

போன டிசம்பரில் கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழாவுக்கு ஊருக்கு வந்திருந்தேன். முடிவெட்ட உங்கள் கடை நாற்காலியில் உட்கார்ந்ததும் பிடரியைத் தடவிப் பார்த்து, "இது எவன் கைடே?" என்று கேட்டீர்கள். ஜெர்மனியில் வெட்டியது என்றேன். "எவ்வளவு வாங்குவான்?" 28 யூரோ, நம்ம காசுக்கு இரண்டாயிரத்து ஐந்நூறுக்கு மேல் வரும். "முடிக்கா, தலைக்கா?" என்றீர்கள். பெஞ்சில் காத்திருந்தவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அப்புறம் நீங்கள் பேசவே இல்லை. கத்தரிச் சத்தம் மட்டும்தான் கேட்டது. அன்றைக்கு ஒழுங்காகப் பதில் சொல்லாதது இன்னும் உறுத்துகிறது, அதனால் இந்தக் கடிதம்.

அங்கே ஸ்டுட்கார்ட் நகரத்தில் முதல் தடவை முடிவெட்டப் போனபோதே தோற்றுத்தான் திரும்பினேன். நினைத்த நேரத்தில் போய் உட்கார முடியாது, முன்கூட்டியே நேரம் வாங்க வேண்டும். ஞாயிறு பூட்டு. நமக்குச் செவ்வாய் மாதிரி அங்கே பல கடைகளுக்குத் திங்களும் பூட்டு. சரி, ஒரு வழியாகப் போய் உட்கார்ந்தால், வெட்ட வந்த பெண் கேட்கிறார்: "ஓரத்தில் எத்தனை மில்லிமீட்டர்?"

கைப்பிடிகளுக்குக் குறுக்கே பலகை போட்டு உட்கார வைத்த வயதிலிருந்து உங்களிடம் தலையைக் கொடுத்தவன் நான். "வழக்கம்போல" என்பதைத் தாண்டி ஒரு வார்த்தை சொன்னதில்லை, அதைக்கூட அப்பாதான் சொல்வார். என் தலைக்கு மில்லிமீட்டர் உண்டு என்று எனக்கு எப்படித் தெரியும்? நடுவாந்தரமாக இருக்கட்டுமே என்று மூன்று என்றேன். மெஷின் ஒரே இழுப்பு, காதுக்கு மேல் தோல் தெரிந்தது. சுத்தமான போலீஸ் கட்டிங். ஜனவரிக் குளிரில் வீடு வருவதற்குள் இரண்டு காதும் என்னுடையவையா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டே நடந்தேன். இப்போது விவரமாகிவிட்டேன்: ஓரம் ஒன்பது, மேலே கத்தரி.

என் ரெட்டைச் சுழியை அவரும் கண்டுபிடித்தார். அவர்கள் மொழியிலும் அதற்குச் சுழல் என்ற பொருளில்தான் பெயர். உங்கள் ரெண்டு பொண்டாட்டி ஜோசியம் மட்டும் அங்கே கிடையாது.

கணக்குக்கு வருகிறேன். அந்த 28-ல் ஏறக்குறைய நாலரை யூரோ வரி, 19 சதவீதம். கடை வாடகை தனி. வெட்டுகிறவருக்குச் சட்டப்படி குறைந்தபட்சச் சம்பளம் உண்டு. 2015-ல் மணிக்கு 8.50 யூரோவாகத் தொடங்கியது, 2025-ல் 12.82. அவர் மூன்று வருஷம் கடையில் வேலை பார்த்துக்கொண்டே தொழிற்பள்ளிக்கும் போய்ப் பரீட்சை எழுதியவர். சொந்தமாகக் கடை போட, பொதுவாக அதற்கு மேல் 'மாஸ்டர்' என்கிற தொழில் தேர்ச்சிப் பட்டமும் வேண்டும். அந்தச் சான்றிதழைக் கண்ணாடி பிரேம் போட்டுக் கல்லாவுக்கு மேல் மாட்டியிருக்கிறார்கள். உங்கள் கடையில் அந்த இடத்தில் உங்கள் அப்பா படம் இருக்கிறது. ஊதின பலூனில் நுரை தடவி, வெடிக்காமல் வழிக்கச் சொல்லிப் பழக்கினார் என்பீர்களே, அதற்கு யார் சான்றிதழ் கொடுத்தார்கள்?

ஐரோப்பாவிலும் பழைய காலத்தில் முடிவெட்டுகிறவர்தான் பல் பிடுங்குவார், ரத்தம் இறக்குவார். கடை வாசலில் சிவப்பு வெள்ளைக் கம்பம் பார்த்திருப்பீர்கள், ரத்தமும் கட்டுத்துணியும்தான் அது என்பார்கள். உங்கள் தாத்தா கட்டி கீறி மருந்து வைத்த கதையேதான். ஆனால் எனக்கு வெட்டுகிற பெண்ணின் அப்பா தபால்காரர். பிடித்திருந்தது, படித்தேன் என்கிறார். யார் மகள் என்று அங்கே ஒருத்தரும் கேட்கவில்லை. உங்கள் மகன் கத்தரியைத் தொடமாட்டேன் என்றதற்கு நீங்கள் "நல்லதுடே" என்று சொன்ன குரல் எனக்கு அப்போது ஞாபகம் வந்தது.

படிகாரக் கட்டி, கடைசியில் கழுத்தை ஒரு தட்டு, இரண்டும் 28 யூரோவில் சேராது. அங்கே மேலே இரண்டு யூரோ வைப்பது வழக்கம். அந்தப் பழக்கத்தில்தான் அன்று மீதி வேண்டாம் என்றேன். நீங்கள் முகத்தைச் சுளித்து, எண்ணிக் கையில் வைத்தீர்கள். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

வருகிற டிசம்பருக்கு இரண்டு மாத முடியோடு வருகிறேன். செவ்வாய்க்கிழமை வந்து இறங்காதபடி டிக்கெட் போட்டிருக்கிறேன்.

உங்கள்,
ரெட்டைச் சுழி