பொதுக்குழுவில் செயலாளர் வாசித்த 2024-25 ஆண்டறிக்கை

மரியாதைக்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, நான்கு பிளாக்கிலிருந்தும் இறங்கி வந்து உட்கார்ந்திருக்கும் அண்ணன்மார்களே, அக்காமார்களே, ஆயாக்களே, பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

நம் சொந்தக் கட்டடத்துக்குக் கீழே நாம் கூடுகிற முதல் பொதுக்குழு இது. போன வருஷம் வாடகை மண்டபத்தில் கூடினோம். அதற்கு முந்தைய வருஷம் பள்ளிக்கூட வராந்தாவில் நின்றுகொண்டே தீர்மானம் போட்டோம். இன்று நம் வாசலில் நாற்காலி போட்டிருக்கிறோம். அதனால் அறிக்கை கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இரங்கல். பழைய வீட்டைக் காலி செய்த நாளிலிருந்து புதுச் சாவி கைக்கு வருவதற்குள் நம்மில் ஒன்பது பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். குழாயடிச் சண்டையை ஒரே அதட்டலில் தீர்த்து வைக்கிற முதல் பிளாக் பெரியவர் அவர்களில் ஒருவர். என் மாமியாரும் ஒருவர். கூட்டம் தொடங்கும்போது எழுந்து நின்று அவர்களை நினைத்துக்கொண்டோம்.

புதிதாக வந்த மருமகள்களுக்காகவும் பிள்ளைகளுக்காகவும் பழைய கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1970-இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கியது. 'ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம்' என்பது அதன் வாசகம். வட சென்னையில் இருந்த நம் பழைய கட்டடம் அந்த வாரியம் வந்த புதிதில் கட்டியது. 2021-இல் வாரியத்தின் பெயரைத் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாற்றினார்கள். நம் வாயில் இன்னும் 'ஸ்லம் போர்டு' என்றுதான் வருகிறது. அந்த வீட்டில் கதவைத் திறந்தால் அடுப்பு, அடுப்பைத் தாண்டினால் படுக்கை. கடைசிக் காலத்தில் கூரை பெயர்ந்து கம்பி தெரிந்தது. அதே 2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் போர்டு கட்டடம் ஒன்று இடிந்து 24 வீடுகள் மண்ணோடு போயின. விரிசலைப் பார்த்து முன்கூட்டியே எல்லோரும் வெளியே வந்துவிட்டதால் உயிர்ச்சேதம் இல்லை. அன்று ராத்திரி நம் பிளாக்கில் யாரும் தூங்கவில்லை. டார்ச் அடித்து அவரவர் வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அப்படியும் காலி செய்ய மனசு வரவில்லை. ஊருக்கு வெளியே தூரத்தில் இருக்கிற கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் வீடு மாற்றப்பட்டுப் போன சொந்தக்காரர்கள் நம் எல்லோருக்கும் உண்டு. காசிமேட்டில் மீன் எடுத்து விற்கிறவர் அங்கே போய் என்ன செய்வார்? "இதே இடத்துல கட்டித் தர்றோம்னு எழுத்துல குடுங்க" என்று கேட்டது நம் சங்கம்தான். எழுத்து வந்த பிறகுதான் மூட்டை கட்டினோம்.

புது வீடு கட்டி முடிக்கும்வரை வெளியே தங்க, கருணைத் தொகையாகக் குடும்பத்துக்கு 24,000 ரூபாய் வந்தது. முன்பெல்லாம் 8,000 தான். உயர்த்தியது நல்ல விஷயம், அதை நன்றியோடு சொல்ல வேண்டும். ஆனால் வெளியே இருந்த இரண்டு வருஷத்துக்குப் பிரித்துப் பார்த்தால் மாதம் ஆயிரம் ரூபாய். அட்வான்ஸுக்கே அது போதவில்லை. மணலி, மாதவரம், கொருக்குப்பேட்டை, செங்குன்றம் என்று வாடகை குறைந்த பக்கமாகச் சிதறினோம்.

அந்த இரண்டு வருஷத்தில் சங்கம் செய்தது ஒரே வேலை, ஒரு நோட்டு. நீல அட்டை போட்ட அந்த லாங் சைஸ் நோட்டு இதோ மேஜைமேல் இருக்கிறது. 192 வீடு, 192 பக்கம். பெயர், பழைய கதவு எண், ரேஷன் கார்டு எண், எந்த ஊரில் எந்தத் தெருவில் இருக்கிறார்கள், இரண்டு போன் நம்பர். ஒன்று அவர்களுடையது, மற்றொன்று அவர்கள் நம்பரை மாற்றினால் நாம் கேட்கக்கூடிய யாராவது ஒருவருடையது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை நானும் பொருளாளரும் உட்கார்ந்து எல்லோருக்கும் போன் போட்டோம். "இப்ப எதுக்குக்கா போன் பண்ற, வீடு ரெடியானா சொல்லு" என்று சிலர் சலித்துக்கொண்டார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து மணலிப் பக்கம் தண்ணீர் ஏறினபோது அந்த நோட்டை வைத்துத்தான் யார் வீட்டுக்குள் தண்ணீர், யாருக்குப் பால் வேண்டும் என்று தேடினோம். பிறகு 6,000 ரூபாய் நிவாரணம் வாங்க எல்லோரும் பழைய ரேஷன் கடைக்கே வர வேண்டியிருந்தது. அந்த வரிசையில் கட்டிப்பிடித்து அழுதவர்கள் நிறையப் பேர். நம் பழைய கட்டடத்தை இடித்த இடத்தின் எதிரில் நின்று, "இந்த ஓரத்துலதானே நம்ம வீடு" என்று பிள்ளைகளுக்குக் காட்டினார்கள்.

வீடு தயாராகி ஒதுக்கீடு தொடங்கியபோது நோட்டின் அருமை இன்னும் தெரிந்தது. பழைய ஒதுக்கீட்டு ஆணையில் இருந்த பெயர்களில் பலர் உயிரோடு இல்லை. வாரிசுச் சான்றிதழ் வேண்டும், ஆதாரில் இருக்கிற பெயரும் ஆணையில் இருக்கிற பெயரும் ஒத்துப்போக வேண்டும். ஆணையில் புருஷன் பெயர் மட்டும் இருந்து அவரும் இல்லாமல் போன 23 வீடுகளுக்கு இ-சேவை மையத்துக்கும் தாலுகா ஆபீஸுக்கும் துணைக்குப் போனோம். ஒரு அலுவலகத்தில் ஒரே கையெழுத்துக்கு ஏழு தடவை அலைந்தோம். அலைந்தவர்களுக்குத் தெரியும், இதற்கு மேல் சொல்லவில்லை. 23 வீட்டுக்கும் பெயர் மாறிவிட்டது. புது ஆணைகளில் பெண்கள் பெயரும் சேர்ந்திருக்கிறது.

குலுக்கல் நடந்த நாளைப் பதிவு செய்தே ஆக வேண்டும். மாற்றுத் திறனாளிகளுக்கும் வயதானவர்களுக்கும் கீழ்த்தளத்தை முதலில் ஒதுக்கினார்கள். இட்லி விற்கும் நம் ஆயா எழுபதைத் தாண்டியவர். ஆதாரில் அவர் வயது 54. எந்தக் காலத்திலோ யாரோ தோராயமாகப் போட்ட வயது. அதனால் அவர் பெயர் முதல் பட்டியலில் இல்லை. டப்பாவுக்குள் கையை விட்டுச் சீட்டை எடுத்தார், ஐந்தாம் தளம் வந்தது. ஆயா ஒன்றும் பேசவில்லை. சீட்டை முந்தானையில் முடிந்துகொண்டு சுவரோரம் போய் உட்கார்ந்தார். கீழ்த்தளத்துச் சீட்டு விழுந்த மூட்டை தூக்கும் அண்ணன் ஒருவர், சம்சாரத்தைத் தனியே கூப்பிட்டு ஒரு நிமிஷம் பேசினார். பிறகு அதிகாரியிடம் போய், "சார், என் சீட்ட அந்த ஆயாவுக்கு மாத்திக் குடுங்க, நான் மேல போறேன்" என்றார். இரண்டு பேரிடமும் எழுதி வாங்கி அங்கேயே மாற்றிக் கொடுத்தார்கள். ஆயாவின் இட்லிக் கடை இப்போது காலை ஐந்தரைக்கே திறக்கிறது. பெயரைச் சொல்ல வேண்டாம் என்று அந்த அண்ணன் கேட்டுக்கொண்டதால் சொல்லவில்லை. அவர் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்.

சரி, வீட்டுக்கு வந்த பிறகு நடந்தவை.

பழைய வீடு மூன்று மாடி, லிஃப்ட் கிடையாது. இப்போது தரைத்தளத்துக்கு மேல் ஐந்து தளம், பிளாக்குக்கு ஒரு லிஃப்ட், கீழே சம்ப், மேலே டேங்க், மோட்டார், மாடிப்படி விளக்கு. இவை எல்லாம் காமன் மீட்டரில் ஓடுகின்றன. வீட்டு மீட்டரில் 100 யூனிட் இலவசம் என்ற பழக்கத்தில், முதல் மாதம் காமன் பில்லைப் பார்த்துப் பயந்துவிட்டோம். 2022 செப்டம்பரிலிருந்து பொதுப் பயன்பாட்டுக்குத் தனிக் கட்டணம். அப்போது யூனிட்டுக்கு 8 ரூபாய். அடுத்த வருஷம் அதை 5 ரூபாய் 50 காசாகக் குறைத்தார்களே என்று சிலர் கேட்டீர்கள். அது பத்து வீட்டுக்குள், மூன்று மாடிக்குள், லிஃப்ட் இல்லாத கட்டடங்களுக்கு மட்டும். நமக்கு வராது. அதனால்தான் மாதப் பராமரிப்புத் தொகையை விடாமல் கேட்கிறோம். 'நம் குடியிருப்பு நம் பொறுப்பு' திட்டத்தில், சங்கம் வசூலிக்கிற தொகைக்கு இணையான தொகையை அரசும் தருகிறது. நீங்கள் தராத ஒரு ரூபாய் உண்மையில் இரண்டு ரூபாய் நஷ்டம். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். எல்லா ரசீதும் மேஜையில் இருக்கிறது, வந்து புரட்டிப் பாருங்கள்.

ஆகஸ்ட்டில் இரண்டாம் பிளாக் லிஃப்ட் 19 நாள் ஓடவில்லை. பழுது பார்க்க வேண்டிய நிறுவனம் இன்று, நாளை என்றே இழுத்தது. நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தியை நாலாம் தளத்திலிருந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து நான்கு தம்பிகள் இறக்கினார்கள். தாயும் பிள்ளையும் நலம், பிள்ளைக்கு இப்போது எட்டு மாதம். அதற்குப் பிறகு ஒவ்வொரு புகாரையும் தேதி, நேரம், பேசியவர் பெயரோடு எழுதி வைக்கிறோம். வாயால் சொன்ன புகார் காற்றோடு போகிறது, எழுதினதற்குத்தான் பதில் வருகிறது.

அடுத்தது பொறுப்புகள். நம் சங்கத்தில் ரொம்ப நாளாக ஒரு பழக்கம் இருந்தது. பெயர்ப் பலகையில் ஆண்கள், தண்ணீர்க் குடத்தோடு வரிசையில் பெண்கள். மாநகராட்சியின் 200 வார்டுகளில் பாதியைப் பெண்களுக்கு ஒதுக்கி 2022-இல் தேர்தல் நடந்தது. நம் வட சென்னைப் பெண் பிரியா மேயராக வந்தார். நாம் மட்டும் ஏன் பின்னால் நிற்க வேண்டும் என்று கேட்டு, போன பொதுக்குழுவில் துணை விதியைத் திருத்தினோம். இப்போது தளத்துக்கு ஒரு பிரதிநிதி. மொத்தம் 24 பேர், அவர்களில் 17 பேர் பெண்கள். பிரதிநிதிக்குப் பதவிப் பெருமை ஒன்றும் கிடையாது. சந்தா வாங்கணும், மோட்டார் முறை பார்க்கணும், எதிர் வீட்டுச் சண்டையை வாசலிலேயே முடிக்கணும்.

பேசப் பழகுவதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தையொட்டி, வார்டு மக்கள் கூடிக் குறைகளைச் சொல்லும் பகுதி சபைக்கு எட்டுப் பெண்கள் போனோம். மூன்றாம் பிளாக் தங்கை ஒருத்தி, வீட்டு வேலைக்குப் போகிறவள், அதுவரை மைக்கைத் தொட்டதே இல்லை. கை நடுங்க ஒரு துண்டுச் சீட்டைப் பிடித்துக்கொண்டு, "எங்க சந்துல கழிவுநீர் மூடி ஒடஞ்சி நாலு மாசம் ஆவுது, பசங்க அந்த வழியாத்தான் ஸ்கூலுக்குப் போவுதுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். அடுத்த வாரம் மூடி போட்டார்கள். அப்புறம் நடந்த கூட்டங்களில் துண்டுச் சீட்டே இல்லை.

பிள்ளைகள் விஷயம். மாலை ஆறரை முதல் எட்டரை வரை தரைத்தள ஹாலில் படிப்பு நடக்கிறது. நம் குடியிருப்பிலேயே கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள். சத்தமில்லாத இடமும் ஒரு டியூப்லைட்டும் இருந்தால் போதும், பிள்ளைகள் தானாக வந்து உட்காருகிறார்கள். கொளத்தூரில் 2024 நவம்பரில் திறந்த, உட்கார்ந்து படிக்கவும் வேலை பார்க்கவும் இடம் இருக்கிற முதல்வர் படைப்பகத்துக்குப் பெரிய பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனோம். திரும்பி வரும்போது, "நம்ம பக்கத்துல ஒண்ணு வராதா?" என்று வழியெல்லாம் கேட்டார்கள். வட சென்னை வளர்ச்சித் திட்டத்தில் இத்தனை கோடி வேலை நடக்கும்போது கேட்காமல் விடக்கூடாது. மனு தயார்.

கேரம் போர்டு இரண்டும் நாள் முழுக்க ஓய்வில்லாமல் ஓடுகின்றன. ஆட்டோ ஓட்டுநர் மகள் காசிமா அதே நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கி வந்தார். அந்தச் செய்தி வந்த மறுநாளிலிருந்து நம் ஹாலில் பெண் பிள்ளைகள் வரிசை. அதுவரை பையன்கள் போர்டை விட்டதே இல்லை. இப்போது செவ்வாய், வியாழன் பெண் பிள்ளைகளுக்கு மட்டும் என்று முறை வைத்திருக்கிறோம்.

செய்யாமல் விட்டதையும் சொல்ல வேண்டும். இது என் மனசை அரிக்கிற விஷயம். பழைய கட்டடத்தில் வாசலே கடை. மீன் கூடை, இஸ்திரி வண்டி, பூக்கட்டு, தையல் மெஷின் எல்லாம் படிக்கட்டு ஓரத்திலேயே நடந்தன. புதுக் கட்டடம் அழகு, காற்று வருகிறது, கழிப்பறை வீட்டுக்குள் இருக்கிறது. ஆனால் நாலாம் தளத்தில் இருக்கிறவர் மீன் கூடையை எங்கே வைப்பார்? வரைபடம் போடுகிற நேரத்திலேயே இதை நாம் கேட்டிருக்க வேண்டும். வீடு கிடைத்தால் போதும் என்ற நினைப்பில் விட்டுவிட்டோம், அந்தத் தவறில் எனக்கும் பங்கு உண்டு. இஸ்திரி போடும் அண்ணன் இப்போது அடுத்த தெரு மரத்தடிக்குப் போய்விட்டார். பாதி வாடிக்கை போயிற்று. காம்பவுண்டின் கிழக்கு மூலையில், தீயணைப்பு வண்டி வரும் பாதையை விட்டுத் தள்ளி, பத்துப் பேர் கடை போடும் அளவுக்கு ஒரு நிழல் கொட்டகை கேட்டு இன்று தீர்மானம் கொண்டுவருகிறோம். ஒருமனதாக நிறைவேற்றிக் கொடுங்கள்.

குப்பையை இன்னும் மேலிருந்து வீசுகிறார்கள். யார் என்றும் தெரியும். தளப் பிரதிநிதி வீட்டுக்கே வந்து பேசுவார். ஃபெஞ்சல் புயல் மழையில் கீழ்த்தளத்துக்குள் தண்ணீர் வரவில்லை. சம்ப் மூடியை மட்டும் இன்னும் உயர்த்த வேண்டும், அது ஜூனுக்குள் முடியும்.

கடைசியாக நோட்டு. சாவி வாங்கி உள்ளே வந்தவர்கள் பெயருக்கு நேரே டிக் போட்டுக்கொண்டே வந்தோம். 187 டிக் விழுந்திருக்கிறது. ஐந்து பக்கம் காலியாக நிற்கிறது. இரண்டு குடும்பம் வேலைக்காகத் திருப்பூர் போனதாகக் கேள்வி. ஒரு அக்காவின் இரண்டு நம்பரும் உபயோகத்தில் இல்லை. மற்ற இரண்டு வீட்டில் பெரியவர்கள் தவறிவிட்டார்கள், பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. ஐந்து வீடும் பூட்டித்தான் இருக்கிறது, ஒதுக்கீடு அவர்கள் பெயரில்தான் இருக்கிறது. அந்தப் பக்கங்களைக் கூட்டம் முடிந்ததும் மேஜைமேல் திறந்து வைக்கிறேன். கிளம்புவதற்கு முன் ஒவ்வொருவரும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஏதாவது தெரிந்தால் இன்று ராத்திரிக்குள் உங்கள் தளப் பிரதிநிதியிடம் சொல்லுங்கள்.

இந்த அறிக்கையைப் பொதுக்குழு ஏற்றுக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்