மன அழுத்தமும் கஞ்சாவும்

ஆசிரியருக்கு,

கல்லூரி விடுதி ஒன்றில் காப்பாளராக இருக்கிறேன். அரியர் தேர்வுக்கு முந்தைய இரவு, "டென்ஷன் குறையும்னு இழுத்தேன் சார்" என்று சொன்ன மாணவனின் கை, என் கையைப் பிடித்தபடி நடுங்கிக்கொண்டே இருந்தது. நெஞ்சு படபடக்க, விடியும்வரை அவன் உட்காரவே இல்லை.

அவன் நம்பியது முழுப் பொய்யும் அல்ல, அதுதான் ஆபத்து. கஞ்சாவைப் போலவே வேலை செய்யும் ஒரு பொருளை நம் மூளையே உண்டாக்குகிறது. 1992-இல் ஜெருசலேமில் அதைக் கண்டறிந்தவர்கள், ஆனந்தம் என்ற சொல்லிலிருந்தே 'ஆனந்தமைடு' என்று பெயர் வைத்தார்கள். மன அழுத்தம் வந்தால் அது குறைகிறது. அழுத்தம் நீடித்தால் அதை ஏற்கும் ஏற்பிகளும் குறைகின்றன என்று விலங்கு ஆய்வுகள் காட்டுகின்றன. அப்படித் தளர்ந்த மூளையில்தான் கஞ்சா போய் இறங்குகிறது.

சிகாகோவில் நடந்து 2017-இல் வெளியான ஆய்வில், கஞ்சாவில் போதை தரும் பொருளான டிஎச்சி 7.5 மில்லிகிராம் கொடுத்தபோது, பதற்றம் நீடித்த நேரம் குறைந்தது. 12.5 மில்லிகிராமோ, பதற்றம் தரும் அந்தச் சோதனை தொடங்கும் முன்பே மனநிலையைக் கெடுத்தது. இடைவெளி வெறும் 5 மில்லிகிராம்! கைமாறும் பொட்டலத்தில் எவ்வளவு இருக்கிறது என்று எந்தப் பையனுக்குத் தெரியும்?

விடுதிகளில் அறைச் சோதனை மட்டும் போதாது. தேர்வுக் காலத்தில் மனநல ஆலோசகர் இரவிலும் இருக்க வேண்டும். அரசின் மனநல உதவிச் சேவையான டெலிமானஸின் எண் 14416-ஐ மாடிதோறும் ஒட்டுங்கள். எங்கள் விடுதியில் நேற்று ஒட்டிவிட்டோம்.

- விடுதிக் காப்பாளர், மதுரை