மீதியை வெள்ளித்திரையில் காண்க

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு தங்கள் சினிமாப் பக்கத்தில், பழைய கொலை மர்மப் படங்களை இன்றைய இளையவர்களுக்காகத் திரும்ப எடுக்கவேண்டும் என்று ஒரு கட்டுரை வந்திருந்தது. வரட்டும். ஆனால் அதன் இரண்டாவது பத்தியிலேயே, ‘அந்த நாள்’ படத்தில் சுட்டது யார் என்பதைக் கட்டுரையாளர் போட்டு உடைத்துவிட்டார். போதாததற்குத் தாங்களும் அந்த வரியை எடுத்துத் தடித்த எழுத்தில் பெட்டி கட்டிப் போட்டிருக்கிறீர்கள்.

1954இல் வந்த படத்துக்கு இனி என்ன இரகசியம் என்று கேட்பீர்கள். என் பெறாமகளின் பிள்ளைக்குப் பதினாறு வயது. அவளுக்கு அந்தப் படம் ஞாயிறு காலைவரை புத்தம் புதிது. அன்று பின்னேரம் இரண்டு பேரும் சேர்ந்திருந்து பார்ப்பதென்று கிழமை முழுக்கப் பேசி வைத்திருந்தோம். எனக்குக் கண்ணில் புரை வெட்டி, வாசிக்கிற கண்ணாடி இன்னும் வரவில்லை. ஆகவே தங்கள் பத்திரிகையை எனக்கு வாசித்துக் காட்டியவளும் அவள்தான். அந்த வரி வந்ததும் நிறுத்திவிட்டு, “இனிப் பார்க்கத் தேவையில்லைத்தானே, அம்மம்மா?” என்று கேட்டாள். இளையவர்கள் பழைய படம் பார்ப்பதில்லை என்று கண்ணீர் வடிக்கும் கட்டுரை, பார்க்க இருந்த ஒருத்தியையும் எழுப்பி அனுப்பிவிட்டது. தங்கள் சேவைக்கு நன்றி.

அதே கட்டுரை ‘புதிய பறவை’யைக் கறுப்பு வெள்ளைப் படங்களின் வரிசையில் சேர்த்திருக்கிறது. 1964இல் அது ஈஸ்ட்மன் வர்ணத்தில் வந்த படம் என்பது தாங்கள் அறியாததல்ல. பார்க்காமலே திரும்ப எடுக்கச் சொல்வதும் ஒரு திறமைதான்.

அந்தக் காலத்தில் தியேட்டர் வாசலில் பாட்டுப் புத்தகம் விற்பார்கள். மலிவான தாள், மை கையில் ஒட்டும். பாட்டுகளுக்கு முன்னால் கதைச் சுருக்கம் இருக்கும். கதாநாயகி இருட்டில் ஒரு கதவைத் திறப்பாள், ஓர் அலறல் கேட்கும், அடுத்த வரி: மீதியை வெள்ளித்திரையில் காண்க. அண்ணா எனக்கு ‘புதிய பறவை’ புத்தகம் வாங்கித் தந்த அன்று, அந்த வரியை விரலால் அழுத்தி அழுத்தித் தேய்த்தால் கீழே மிச்சக் கதை தெரியும் என்று நம்பித் தாளையே ஓட்டையாக்கினேன். சில சதத்துக்குப் புத்தகம் விற்ற மனிதருக்குத் தெரிந்திருந்த நாகரிகம் அது. பிஸ்கட் ரின் நிறைய அந்தப் புத்தகங்களைச் சேர்த்து வைத்திருந்தேன். 83 ஆடியில் வீட்டோடு அதுவும் போயிற்று. அதைப் பற்றி எழுத இந்தக் கடிதம் இடமில்லை.

திரும்ப எடுப்பது பாவம் என்று நான் சொல்லவரவில்லை. ‘புதிய பறவை’யே வங்காளத்து ‘சேஷ் அங்கா’வின் தமிழ்தான், வங்காளப் படத்துக்கும் மூலம் 1958இல் வந்த ஓர் ஆங்கிலப் படம். இருந்தும் “எங்கே நிம்மதி” என்று டி.எம்.எஸ். எடுக்கும்போது அது இரவல் என்று யாருக்காவது தோன்றியதா? அப்போது பார்க்க வந்தவர்களில் மிகப் பலருக்கு முடிவு தெரியாது. முடிவைப் பெட்டி கட்டிப் போட்டுவிட்டுத் திரும்ப எடுத்தால் யாருக்குக் காட்டப்போகிறார்கள்? ‘ஓரியண்ட் எக்ஸ்பிரஸ்’ கொலையை 1974இல் சிட்னி லுமெட் எடுத்தார். 2017இல் கென்னத் பிரனா திரும்ப எடுத்தார். பின்னதற்கு என் மருமகன் கூட்டிக்கொண்டு போனார். முடிவு தெரிந்த எனக்குப் பார்க்க மிஞ்சியது பிரனாவின் மீசை. நல்ல மீசைதான். ஹிட்ச்கொக்கின் ‘சைக்கோ’வை 1998இல் ஏறக்குறையக் காட்சிக்குக் காட்சி அப்படியே, வர்ணத்தில் எடுத்தார்கள். இப்போது அதை யார் தேடுகிறார்கள்? நம்மவர்கள் அந்தச் சிரமமும் படுவதில்லை. 1967இல் வந்த ‘அதே கண்கள்’ பெயரை மட்டும் எடுத்து, 2017இல் வேறொரு கதைக்குச் சூட்டிவிட்டார்கள்.

‘அந்த நாள்’ கதை, ஜப்பானியர் சென்னையில் குண்டு போட்ட 1943இல் நடப்பது. கொழும்பில் அவர்கள் குண்டு போட்டது அதற்கு முந்திய ஆண்டு, ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறன்று. என் அம்மா அப்போது கொட்டாஞ்சேனையில் பன்னிரண்டு வயதுப் பிள்ளை. பின்னாளில் மறு ஓட்டத்தில் படம் பார்க்கப் போனபோது, குண்டு பற்றிய பேச்சு வந்ததும் அம்மா கச்சான் சரையை மடியில் வைத்துவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்தார். இடைவேளைவரை விடவில்லை. பாட்டே இல்லாத படம், எழுந்து வெளியே போக ஒரு சாட்டும் கிடையாது.

கட்டுரையாளர் சொல்வதுபோல் கதையை இந்தக் காலத்துக்குக் கொண்டுவந்தால் அந்தக் குண்டுக்குப் பதில் என்ன வைப்பார்கள்? வாசலில் ஒரு கமெரா இருந்தால் ஜாவர் சீதாராமனின் சி.ஐ.டி. சிவானந்தம் ஆளாளாகப் பிடித்து விசாரிக்கவேண்டியதில்லை, முதற் சுருளிலேயே ‘வணக்கம்’ போட்டுவிடலாம். (எங்கள் தொடர்மாடியில் நான்கு கமெரா பூட்டியிருக்கிறார்கள். மாதாமாதம் பராமரிப்புக் காசும் வாங்குகிறார்கள். படிக்கட்டில் காய வைத்த என் குடை மார்கழியில் போனது. எடுத்தவர் யாரென்று இன்றுவரை தெரியாது. அந்த வகையில் மர்மத்துக்கு இந்தக் காலத்திலும் இடம் இருக்கத்தான் செய்கிறது.)

இளையவர்கள் பார்ப்பதில்லையாம். எங்கே காட்டுகிறார்கள், பார்ப்பதற்கு? சென்ற ஆண்டு ஒரு தொலைக்காட்சி ‘அதே கண்கள்’ போட்டது. கொலையாளி யாரென்று தெரியப்போகும் நேரத்தில் எட்டு மணிச் செய்தி வந்தது. செய்தி முடிந்ததும் நகைக்கடை விளம்பரம், அதன் பின் நாடகம். தொலைபேசி எடுத்துக் கேட்டேன். மறுமுனையில் இருந்த தம்பி மிக மரியாதையாக, “படம் முடிந்துவிட்டது, அம்மா” என்றார். இதைப் பற்றித் தங்களுக்கு இரண்டு கடிதம் எழுதினேன். ஒன்றும் அச்சேறவில்லை. இடப் பற்றாக்குறை என்று எடுத்துக்கொண்டேன்.

இப்போது கேட்பது சிறிய காரியம். தங்கள் தொலைக்காட்சி நிரலில் ஞாயிறு பிற்பகல் இரண்டு மணிக்கு எதிரே, எத்தனையோ காலமாக, ‘தமிழ்த் திரைப்படம்’ என்று மட்டும் போடுகிறீர்கள். அந்த இடத்தில் படத்தின் பெயரைப் போடுங்கள். முடிந்தால் ஆண்டையும். இடம் போதாவிட்டால் சினிமாப் பக்கத்துப் பெட்டியை எடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் ஒருவர்,
வெள்ளவத்தை.

பி.கு.: இந்தக் கடிதம் நான் சொல்லச் சொல்லப் பிள்ளை எழுதியது, கோபம் மட்டும் என்னுடையது. எஸ். பாலசந்தரின் ‘நடு இரவில்’ படத்தை வரும் போயா விடுமுறையில் பார்க்க இருக்கிறாள். கட்டுரையாளர் அடுத்து அதைப் பற்றி எழுதுவதாக இருந்தால், தயவுசெய்து ஒரு கிழமை தள்ளிப் போடவும்.