உன் மாருதி என்ன ஆகும்?

அன்புள்ள முருகேசா,

கடிதம் கிடைத்தது. பேரன் நடக்க ஆரம்பித்துவிட்டான் என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். இங்கே எல்லாம் வழக்கம்போலத்தான். சர்க்கரை மட்டும் ஏறி இறங்குகிறது.

மாருதி 800-ஐக் காயலாங்கடைக்குப் போட்டால் அதில் எவ்வளவு மறுபடி பயன்படும் என்று கேட்டிருந்தாயே, நீ நினைப்பதைவிட அதிகம். காரின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இரும்பும் எஃகும்தான். அதை யாரும் வீசுவதில்லை. பேட்டரியில் உள்ள ஈயத்தை உருக்கி மறுபடி பேட்டரியே செய்கிறார்கள். அலுமினியத்துக்கும் நல்ல விலை.

ஐரோப்பாவில் 2015 முதல் காரின் எடையில் 95 சதவீதத்தை மீட்டாக வேண்டும் என்று சட்டம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த 95-இல் 10 வரை எரித்து ஆற்றலாக எடுத்தாலும் கணக்கில் சேரும். சீட்டின் ஃபோம், டேஷ்போர்டு பிளாஸ்டிக், கண்ணாடித் தூள் எல்லாம் கலந்து குவிந்தபின் யார் உட்கார்ந்து பிரிப்பது?

எனக்கு உறுத்துவது வேறு. காரை இயந்திரத்தில் போட்டு நொறுக்கும்போது வயரிலும் சின்னச் சின்ன மோட்டார்களிலும் உள்ள செம்பு கொஞ்சம் இரும்போடு போய்விடுகிறது. உருக்கிய பின் அதைப் பிரிப்பது ரொம்பக் கஷ்டம். செம்பு கலந்த எஃகைச் சூட்டில் உருட்டித் தகடாக்கினால் மேற்பரப்பில் வெடிப்பு விடும். அதனால் கார்த் தகடு பெரும்பாலும் மறுபடி கார்த் தகடாவதில்லை, கான்கிரீட் கம்பியாகிவிடுகிறது. உன் மாருதி யார் வீட்டுத் தூணுக்குள்ளாவது போய் நிற்கும். அதையும் மறுசுழற்சி என்றுதான் எழுதிக்கொள்வார்கள்.

அந்த வகையில் பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் சென்னைப் புதுப்பேட்டைக்காரர்கள்தான் கெட்டிக்காரர்கள் என்பேன். கதவைக் கதவாகவே, கியர்பாக்ஸைக் கியர்பாக்ஸாகவே விற்றுவிடுகிறார்கள். உருக்கும் வேலையே இல்லை. தெருவோரம் வைத்துப் பிரித்தால் பழைய எஞ்சின் ஆயில் எங்கே போகும் என்பது வேறு கேள்வி.

சரி, எங்கே கொடுத்தாலும் ஆர்.சி.யை ரத்து செய்யாமல் விடாதே. அரசிடம் பதிவு பெற்ற உடைப்பு மையத்தில் கொடுத்தால் ஒரு சான்றிதழ் தருவார்கள். அதைக் காட்டிப் புது வண்டி வாங்கினால் பதிவுக் கட்டணம் தள்ளுபடி. சொந்த வண்டிக்குச் சாலை வரியில் 25 சதவீதம் வரை மாநிலங்கள் சலுகை தரவும் மத்திய விதியில் இடம் இருக்கிறது. இந்த வயதில் எனக்கெதற்குப் புதுக் கார் என்பாய். அந்தச் சான்றிதழை வேறொருவர் பேருக்கு மாற்றிக் கொடுக்கலாமப்பா, மருமகனுக்கு ஆகும்.

அன்புடன்,
சுந்தரம்