மொய்க் கவரில் எவ்வளவு வைக்க?

அன்புள்ள மூர்த்தி,

ஆறு மாதமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை. அப்பா காரியத்தன்று நீ போனில் அழுததற்குப் பதில்கூடச் சொல்லாமல் வைத்துவிட்டேன். மன்னிப்பு கேட்டால் திட்டுவாய், அதனால் கேட்கவில்லை. அம்மா நன்றாக இருக்கிறாள். எனக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. உன் முட்டி எப்படி? பம்பரம் போன வாரம் வந்திருந்தான், அதே சட்டை. உனக்கு நான் தரவேண்டிய எண்பது ரூபாயை ஞாபகப்படுத்தச் சொன்னானாம் நீ. தரமாட்டேன்.

சரி, விஷயம் இதுதான். நாளைக் காலையில் ஒரு கல்யாணத்துக்குப் போகவேண்டும். மொய்க் கவரில் எவ்வளவு வைப்பது என்று தெரியவில்லை. சிரிக்காதே. இப்போது மணி பதினொன்று, வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். மூன்று பேரும் மூன்று தொகை சொல்லிவிட்டுத் தூங்கிவிட்டார்கள்.

முதலிலிருந்து சொல்கிறேன். அப்பாவுக்கு வாரிசு சான்றிதழ் வாங்கவேண்டியிருந்தது. அது இல்லாமல் வயலுக்குப் பட்டா மாறாது, பேங்கில் இருப்பதும் அம்மா கைக்கு வராது. இப்போது எல்லாம் ஆன்லைன், இ-சேவை மையத்தில் பதிந்தால் போதும் என்றார்கள். ஆன்லைன்தான். ஆனால் வி.ஏ.ஓ. எழுதி, ஆர்.ஐ. எழுதி, அப்புறம்தான் தாசில்தாருக்குப் போகும். என் மனு நடுவில் எங்கேயோ போய் உட்கார்ந்துகொண்டது. இ-சேவைப் பையன், "நேர்ல ஒரு தடவை பார்த்துட்டு வந்துடுங்க சார்" என்றான். பார்ப்பது, கவனிப்பது என்பதற்கெல்லாம் நம் ஊரில் என்ன அர்த்தம் என்று நியூ ஜெர்சி போய் முப்பது வருஷமானாலும் உனக்கு மறந்திருக்காது.

கொடுக்கமாட்டேன் என்று சொல்வதற்கான வசனத்தை பஸ்ஸிலேயே ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். பூஜ்ய ரூபாய் நோட்டு ஞாபகம் இருக்கிறதா? 2007-ல் சென்னையில் ஃபிஃப்த் பில்லர் என்ற அமைப்பு அச்சடித்துக் கொடுத்ததே, காந்தி படமும், லஞ்சம் வாங்கவும் மாட்டேன் கொடுக்கவும் மாட்டேன் என்ற உறுதிமொழியுமாக. அதில் ஒன்று என் பர்ஸில் தாயத்து மாதிரி வருஷக்கணக்காக மடங்கிக் கிடக்கிறது. கேட்டால் அதை நீட்டுவதாகத் திட்டம்.

ஆபீஸ் பெஞ்சில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். ஓரத்தில் ஒரு கிழவி. மடியில் மஞ்சள் பை, பைக்குள் பிளாஸ்டிக் கவரில் சுற்றிய ரேஷன் கார்டு. அதை ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பச் சுற்றி வைத்தாள். முதியோர் பென்ஷனுக்காக மூன்றாவது நடையாம். எட்டு மணிக்கே வந்துவிட்டாளாம்.

என் முறை வரவே இல்லை. வருவதற்குள் சீட்டில் இருந்த ஆபீஸ்காரர் என் கையிலிருந்த தாளை எட்டிப் பார்த்தார், அப்பா பெயரைப் படித்தார், எழுந்து நின்றுவிட்டார். "ஹெச்.எம். சார் பையனா நீங்க?" நாற்காலி வந்தது, டீ வந்தது. ஒன்பதாம் வகுப்புக்கு லிஸ்ட் ஒட்டின பிறகு அவருடைய அப்பா அவரைக் கூட்டிக்கொண்டு நம் வீட்டு வாசலில் வந்து நின்றாராம். சார் ஒரு வார்த்தை பேசவில்லையாம், மறுநாள் சேர்த்துக்கொண்டாராம். "அவர் இல்லேன்னா நான் இந்த சீட்ல உட்கார்ந்திருக்க மாட்டேன் சார்" என்றபோது கண் கலங்கிவிட்டது, அவருக்கும் எனக்கும். அங்கேயே இரண்டு போன் போட்டார். நாலாம் நாள் சான்றிதழ் கைக்கு வந்தது.

கேவலத்தைக் கேள். கிளம்பும்போது என் வாய் தானாக, "ஏதாவது செலவு..." என்று இழுத்தது. பூஜ்ய ரூபாய் நோட்டுக்காரன்! அவர் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார். "சார் வீட்டுக் காசு எனக்கு விஷம்." நான் வெளியே வரும்போது கிழவியிடம் யாரோ சொல்லிக்கொண்டிருந்தார்கள், சாப்பாட்டு நேரம், ரெண்டு மணிக்கு மேல வா என்று.

வீட்டுக்கு வந்து ஜெயித்த கதை மாதிரி சொன்னேன். ஒரு பைசா கொடுக்காமல் முடித்துவிட்டேன் என்று. சின்னவள் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள்: "நீ கொடுக்கலைப்பா. அந்தப் பாட்டி கொடுத்திருக்கு, அரை நாள்."

அன்றிலிருந்து தூக்கம் சரியில்லை.

போன வருஷம் நீ போனில் சொன்னாயே, "இது நம்ம டிஎன்ஏவிலேயே இருக்குடா, திருத்த முடியாது" என்று. அதற்கு அப்போது எனக்கு வந்த கோபம் இன்னும் மிச்சம் இருக்கிறது. உங்கள் ஊர்க் கதையையே சொல்கிறேன். நியூயார்க்கில் ஐ.நா. தூதரக ஆட்களுக்கு அப்போது பார்க்கிங் டிக்கெட் போடலாம், ஆனால் அபராதத்தைக் கட்ட வைக்க முடியாது, தூதர்கள் என்பதால் சட்டப் பாதுகாப்பு. ஃபிஸ்மன், மிகுவேல் என்று இரண்டு பொருளாதார ஆசிரியர்கள் அந்தக் கணக்கைத் தோண்டி எடுத்தார்கள். 1997 கடைசியிலிருந்து ஐந்து வருஷத்தில் கட்டாத டிக்கெட் 1,50,000-க்கும் மேல். குவைத்காரர்கள் ஆளுக்கு வருஷத்துக்கு 200-க்கு மேல். நார்வே, ஸ்வீடன், ஜப்பான், கனடா, சுத்தமாகப் பூஜ்யம். தட்டிக்கேட்க ஆளில்லாத அதே தெருவில், வண்டியை எங்கே நிறுத்துவது என்பதை அவனவன் ஊரிலிருந்தே கொண்டுவந்திருக்கிறான். "அதைத்தானே நானும் சொன்னேன்" என்பாய். இரு. 2002-ல் நம்பர் பிளேட்டைப் பிடுங்க நகராட்சிக்கு அதிகாரம் வந்தது. மீறல் 98 சதவீதம் விழுந்துவிட்டது. அந்த ஒரு மாதத்தில் யாருக்கும் டிஎன்ஏ மாறியிருக்காது.

ஹாங்காங்கும் அப்படித்தான். அங்கே ஒரு காலத்தில் ஆஸ்பத்திரி ஆயாவுக்கு டீ காசு கொடுத்தால்தான் படுக்கைக்குப் பாத்திரம் வரும், தீயணைக்க வந்தவனுக்குக் கொடுத்தால்தான் குழாயில் தண்ணீர் வரும். போலீஸில் சேருகிறவனுக்கு ஒரு புத்திமதி உண்டு: பஸ்ஸில் ஏறிக்கொள், இஷ்டமில்லையா கூடவே ஓடிவா, குறுக்கே மட்டும் நிற்காதே. 1974-ல் தனி ஊழல் தடுப்பு ஆணையம் வந்து பெரிய அதிகாரிகளையே பிடித்து உள்ளே போட்டபிறகு அந்த பஸ் நின்றது. புத்தாண்டுக்கு சிவப்பு உறையில் பணம் கொடுக்கிற வழக்கம் இன்றைக்கும் இருக்கிறது. உறவும் மரியாதையும் அதே சீனர்களுடையதுதான், ஆபீஸ் வாசலோடு நிற்கிறது.

அப்புறம், லஞ்சத்தை நாம்தான் கண்டுபிடித்தோம் என்பதுபோலப் பேசாதே. உன் பையன் சேரத் துடிக்கிறானே யேல் யுனிவர்சிட்டி, அந்தப் பெயருக்குரிய எலிஹு யேல் நம் சென்னைக் கோட்டையில் 1687-லிருந்து 1692 வரை கவர்னர். பதவியை வைத்துச் சொந்தமாகச் சம்பாதித்தார் என்று குற்றம் சுமத்தி கிழக்கிந்தியக் கம்பெனியே விலக்கியது. 1718-ல் அவர் அனுப்பிய சரக்கை விற்றுத்தான் அந்தக் கல்லூரிக்கு அவர் பெயர் வந்தது. பையனுக்கு சீட் கிடைத்தால் ஜார்ஜ் கோட்டைக்கு ஒரு தேங்காய் உடைத்துவிடு.

விளையாட்டு போதும். டிஎன்ஏ இல்லை என்றேனே தவிர, ஒன்றுமே இல்லை என்று சொல்லவில்லை. நாம் அதற்கு வைத்திருக்கும் வார்த்தைகளைப் பார். மாமூல் அரபிச் சொல், வழக்கமாகச் செய்வது என்றுதான் அர்த்தம். அன்பளிப்பு, கவனிப்பு, டீ செலவு, சந்தோஷமா ஏதாவது. எல்லாம் வீட்டு விசேஷத்தில் புழங்குகிற வார்த்தைகள். கையூட்டு என்பதை பேப்பர்காரன் மட்டும்தான் எழுதுகிறான். வாங்குகிறவனைப் பற்றி நம் மாமாக்கள் என்ன சொல்வார்கள்? "காசு வாங்குவான், ஆனா நாணயமான ஆளு, வாங்கினா முடிச்சுக் கொடுத்துடுவான்." மாப்பிள்ளை பார்க்கும்போது சம்பளத்தைக் கேட்டுவிட்டு, குரலைத் தாழ்த்திக் கிம்பளத்தையும் கேட்பார்கள். வாங்காதவனுக்கு ஊரில் வைத்த பெயர் பிழைக்கத் தெரியாதவன். அப்பாவுக்கு அந்தப் பட்டம் அத்தை கொடுத்தது. உனக்குத்தான் தெரியுமே, அத்தை வாய்.

ஓட்டுக்குப் பணம் என்றால் உடனே திருமங்கலம் இடைத்தேர்தல், 2009 என்போம். 2016-ல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும், 2017-ல் ஆர்.கே.நகரில், 2019-ல் வேலூரில் என்று தேர்தலையே நிறுத்தும் அளவுக்கு அது போனது. ஆனால் எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வரும் அக்காவிடம் நான் ஒரு தடவை பெரிய புத்திசாலி மாதிரி, "காசை வாங்கிக்கோங்க, ஓட்டை உங்க இஷ்டத்துக்குப் போடுங்க" என்றேன். அவர் என்னைத் திருடனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "வாங்கிட்டு மாத்திப் போட்டா பாவம் தம்பி, சாமி கண்ணைக் குத்தாது?" உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று அவருக்கு அவர் அம்மா சொல்லிக்கொடுத்திருக்கிறாள். அந்தப் பணத்தைக் கொடுக்கிறவன் அவருடைய ஆசையைவிட இந்த நேர்மையைத்தான் நம்பி முதல் போடுகிறான்.

எனக்கு இப்போது இதுதான் குடைகிறது மூர்த்தி. இது நம்மிடம் இருக்கிற கெட்ட குணமாக இருந்தால் திட்டிவிட்டுப் போய்விடலாம். அந்த ஆபீஸ்காரர் எனக்குச் செய்தது நன்றி. ஊரில் யாரைக் கேட்டாலும் நல்ல மனுஷன் என்பார்கள், நானும் சொல்வேன். அப்பா அவருக்குச் செய்தது இரக்கம். வாசலில் வந்து நின்ற ஏழையைத் திருப்பி அனுப்பத் தாட்சண்யம் விடவில்லை. அப்பா ஜென்மத்தில் யாரிடமும் ஒரு வெள்ளரிப் பிஞ்சுகூட வாங்கியதில்லை, அரைப்பரீட்சைக்கு முதல் நாள் வந்த வாழைத்தாரைத் திருப்பி அனுப்பிவிட்டு அம்மாவிடம் வாங்கிக்கட்டிக்கொண்டவர். ஆனால் லிஸ்ட் ஒட்டின பிறகு ஒரு பையன் சேர்ந்தான் என்றால், வாசலுக்கு வரத் தெரியாத ஒருவன் அந்த வருஷம் எங்கேயோ மாடு மேய்த்திருப்பான். அப்பாவைப் பற்றி இப்படி நினைக்கவே எனக்குப் பயமாக இருக்கிறது. திதி கொடுத்துக்கொண்டே நினைத்தேன்.

சட்டத்தில் எனக்கு இடமில்லை. 1988 ஊழல் தடுப்புச் சட்டத்தை 2018-ல் திருத்தினார்கள். கொடுக்கிறவனும் குற்றவாளி, கட்டாயப்படுத்தி வாங்கினார்கள் என்றால் ஏழு நாளைக்குள் போய்ப் புகார் கொடுத்துவிட வேண்டும். லஞ்ச ஒழிப்பு போலீஸ் கொடுத்தனுப்பும் ரசாயனம் தடவிய நோட்டு, சோடா கரைசல், விரல் நனைத்ததும் ரோஸ் நிறம், எல்லாம் சரி. என் விரலை எதில் முக்கினாலும் நிறம் மாறாது. ஒரு டீ குடித்தேன், அவ்வளவுதான்.

சான்றிதழ் வாங்கப் போன அன்று பெஞ்சைப் பார்த்தேன். கிழவி இல்லை. பென்ஷன் ஆயிற்றா என்று அவரிடம் கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை. நான் கேட்டால் உடனே எடுத்துச் செய்துவிடுவார், அதுவும் சிபாரிசாகிவிடும் என்று பட்டது. கேட்காமல் வந்ததும் தப்பு என்று வீடு வந்து சேர்வதற்குள் பட்டது. நீயாக இருந்தால் கேட்டிருப்பாய்.

இப்போது கல்யாணம். அவருடைய மகளுக்கு. போன வாரம் மனைவியோடு வந்து, தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து, அம்மா காலில் விழுந்து பத்திரிகை கொடுத்தார். சார் இருந்திருந்தால் அவர் கையால்தான் தாலி எடுத்துக் கொடுக்கச் சொல்லியிருப்பேன் என்றார். அம்மா பத்தாயிரம் வை என்கிறாள், நன்றி கெட்டவன் என்று பெயர் வரக்கூடாதாம். இவள் ஐயாயிரம். சின்னவள் நூற்றியொன்று, ஒரு பைசா கூடக்கூடாது. தெரிந்தவர்கள் வீட்டுக்கு நான் எப்போதும் எழுதுவது ஐந்நூற்றியொன்று. உன் மாமியார் ஊர் பேராவூரணிப் பக்கம் ஆடி மாதம் மொய் விருந்து வைப்பார்களே, கறிச்சோறு போட்டு, நோட்டில் ஊர், பெயர், தொகை எல்லாம் எழுதி. அங்கே கணக்கு சுத்தம்: இவ்வளவு வந்தது, இவ்வளவு திரும்பப் போகவேண்டும். எனக்கு நாளை அந்த நோட்டில் என் பெயருக்கு எதிரே எது வரவேண்டும் என்பதுதான் புரியவில்லை. ஐந்நூறுக்கு மேல் போனால் அது எதற்கு? ஐந்நூறோடு நின்றால் அந்த மனிதர் கண் கலங்கினாரே, அதற்கு?

ஒன்றை மறைத்துவிட்டேன், சொல்லிவிடுகிறேன். பட்டா மாறுதல் மனு இன்னும் அதே ஆபீஸில்தான் இருக்கிறது. இவளுக்கும் தெரியும், அதனால்தான் ஐயாயிரம்.

முகூர்த்தம் ஆறிலிருந்து ஏழரை. மேசையில் கவர் இருக்கிறது, கடையிலேயே ஒட்டிக் கொடுக்கிற ஒரு ரூபாய் மட்டும் அதன்மேல் இருக்கிறது. இந்தக் கடிதம் உனக்குக் கிடைப்பதற்குள் எதையோ வைத்துக் கொடுத்துவிட்டு, சாப்பிட்டுவிட்டு வந்திருப்பேன். எவ்வளவு என்று கேட்டு எழுதாதே. நீயாக இருந்தால் எவ்வளவு வைத்திருப்பாய் என்று எழுது.

தங்கச்சியை விசாரித்ததாகச் சொல். முட்டிக்கு எண்ணெய் தேய்ப்பதை நிறுத்திவிட்டு ஒழுங்காக டாக்டரைப் பார்.

உன்,
பழனி